நடுரோட்டில் ஒரு எலுமிச்சம்பழம்

ஓசூரில் ஒரு கம்பெனியில் பல வருஷம் வண்டிகளின் பிரேக் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். லைனில் வரும் ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, புரட்டி, தடவி, அளந்து பார்க்க வேண்டும். தேறினால் பச்சைத் தட்டு, தேறாவிட்டால் சிவப்புத் தட்டு. என் கண்ணில் படாமல் ஒரு கீறல்கூட வெளியே போகாது என்று சூப்பர்வைசர் சொல்வார். அது பாராட்டா, என்னால் உற்பத்தி குறைகிறது என்ற குத்தலா என்று எனக்கு இன்று வரை தெரியாது. எதற்குச் சொல்கிறேன் என்றால், பிரேக் என்று ஒன்று வண்டியில் இருக்கிறது, அதைப் பிடித்தால் வண்டி நிற்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் எங்கள் தெருவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் அதை யாரும் சொல்லித்தரவில்லை.

நாங்கள் வீடு கட்டிய புதிதில் அது வெறும் குடியிருப்புத் தெரு. பிறகு மெயின் ரோட்டில் சிக்னல் போட்டார்கள். சிக்னலில் நிற்பதை மானக்கேடாக நினைத்த யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினான். அவனைப் பார்த்து இன்னொருவன் வந்தான். அப்புறம் போனில் இருக்கும் மேப்பே எங்கள் தெருவைக் காட்டிக்கொடுத்து, இப்படிப் போனால் சீக்கிரம் போகலாம் என்று ஊரையே கூப்பிட ஆரம்பித்தது. கம்பெனி வேன், கே.ஏ. நம்பர் போட்ட கர்நாடக லாரி, ஜல்லி டிப்பர், ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட பைக்குகள் எல்லாம் எங்கள் வாசலை உரசிக்கொண்டு பறந்தன. கேட்டைத் திறந்து தலையை நீட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலை நமக்கு ஒன்றுதான் இருக்கிறது.

எதிர்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், கத்தோலிக்கர், வீட்டுக்காரர் தவறிவிட்டார், ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்பார். பிறந்தநாள் கேக், கல்யாண நாள் கேக், கிறிஸ்துமஸ் வந்தால் பிளம் கேக். அவர் கேக்கின் ஓரத்தில் வெட்டி எறியும் துண்டுகளைத் தின்றே எனக்குச் சர்க்கரை வந்தது என்று டாக்டரிடம் நான் சொல்லவில்லை. என் சமையலில் பாதி அவர் வீட்டுக்குப் போகும், அவர் சமையலில் பாதி என் வீட்டுக்கு வரும். எது யார் பாத்திரம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அக்கா கேக் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தபோது, ஒரு பைக்கின் ஹேண்டில்பார் அந்தப் பையில் மாட்டி இழுத்துவிட்டது. அக்கா விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஓட்டியவன் நிறுத்தவில்லை, திரும்பி மட்டும் பார்த்தான். அவன் பார்த்தது தன்னை இல்லை, ரோட்டில் சிதறிய கேக்கைத்தான் என்று அக்கா இப்போதும் அடித்துச் சொல்வார்.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகும் அக்கா ரோட்டைத் தாண்டவில்லை. கேட் வரை வருவார், கம்பியைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். முகம் வெளுத்துவிடும். அதனால் அவர் கேட்டில் அவர், என் கேட்டில் நான், காதில் போன், எதிர் எதிரே நின்று பேசுவோம். வாய் முதலில் அசையும், குரல் அப்புறம் வரும். ஒருமுறை மீன்குழம்பு ஆசையாக இருக்கிறது என்றார். ஒரு லாரி, ஒரு டிப்பர், மறுபடி லாரி என்று வந்துகொண்டே இருந்ததில் எனக்கு வெறுத்துப்போய், பார்சல் கொண்டுபோகும் ஆளை போனில் வரவழைத்தேன். குழம்பு ஊற்றிய தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்டவரிடம் எதிர்க் கேட்டைக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் அவருக்கும் அந்தப் பக்கம் போகக் கொஞ்ச நேரம் பிடித்தது என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

நாங்கள் சும்மா இருக்கவும் இல்லை. வேகத்தடை கேட்டு மாநகராட்சியில் மனுக் கொடுத்தோம். அங்கிருந்து ஒருவர் வந்து பார்த்தார். வண்டிகள் வந்த வேகத்தைப் பார்த்து எங்கள் காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டி நின்றார், “பாக்கலாம்மா” என்றார், போய்விட்டார். ‘மெதுவாகச் செல்லவும்’ என்று தமிழில் போர்டு வைத்தோம். டிரைவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் எழுதினோம். ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்று மொழியையும் சேர்த்துச் சாய்த்தது. கடைசியாக யாரோ வீடு கட்டி மீந்த கான்கிரீட்டை ரோட்டின் குறுக்கே கொட்டி நாங்களே ஒரு மேடு போட்டோம். பைக்குக்காரப் பையன்களுக்கு அது ஏறிக் குதிக்கிற விளையாட்டாகப் போயிற்று. டிப்பர் ஏறி இறங்கும் அதிர்ச்சியில் பக்கத்து வீட்டுக்காரரின் சமையலறைப் பாத்திரங்கள் அலமாரியிலிருந்து இறங்கிவர, மேடு வேண்டும் என்று முதலில் கத்திய அந்த மனுஷனே கடப்பாரையால் அதைப் பெயர்த்துப் போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் மகன் வந்து பேச்சை எடுத்தான். அவர்கள் இருவரும் அந்தப் பக்கக் கேட்டில் நின்றார்கள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பஞ்சாயத்தில் நானும் இருந்தேன்.

“ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க. இந்த ரோட்ல அம்மா ஒண்டியா இருக்கலாமா? நான் அங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, எப்ப போன் வருமோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன். வீட்டை வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வந்துடட்டும்.”

“அங்க பதினோராவது மாடியில நான் யாரோடடா பேசுவேன்? லிப்டோடயா?” என்றார் அக்கா.

“இங்க மட்டும் யாரோட பேசற? போன்லதான பேசற? அதை அங்க இருந்தே பேசலாமே.”

அது நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவன்தான் இறங்கி வந்தான்.

“சரி, ஒரு வேலை பண்ணு. சாயங்காலம் ஷிப்ட் விடற நேரத்துல, யாரு கையையும் புடிக்காம, நீயா ரோட்ட தாண்டி ஆன்ட்டி வீட்டுக்குப் போ. போயிட்டீன்னா அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். ஈஸ்டர் வரைக்கும் டைம் தரேன். முடியலன்னா பெங்களூரு.”

“சரிடா” என்றார் அக்கா. ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே அவர் கை கம்பியை இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. அவர் போய்விட்டால் என் பேச்சு, என் சிரிப்பு, என் மிச்சக் குழம்பு எதற்கும் போக்கிடம் இல்லை. எனக்குத் தூக்கம் போயிற்று.

மாசி அமாவாசைக்குத் தெருமுனையில் ஒருவர் சரக்கு வண்டி வாங்கிப் பூஜை போட்டார். பூசணிக்காயைச் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்து, திருஷ்டி கழித்தார்கள். அந்தப் பழத்தில் ஒன்று எப்படியோ உருண்டு எங்கள் வாசலுக்கு நேரே நடுரோட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை வாசல் தெளிக்க வாளியோடு நின்ற நான் அதைப் பார்த்தேன். அதைவிட, அதைப் பார்த்தவர்களைப் பார்த்தேன்.

தினமும் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் போன் பேசிப் போகும் ஒருவன், போனைச் சட்டென்று பையில் போட்டு, காலை ஊன்றி, பழத்தைச் சுற்றி ஒரு பிறந்த குழந்தையைத் தாண்டுவது போல் தாண்டிப் போனான். கம்பெனி வேன் டிரைவர் வேகத்தைக் குறைத்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே பழம் வரும்படி ஊர்ந்து போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கர்நாடக லாரியின் கிளீனர் இறங்கி நின்று “பேடா, பேடா” என்று, வேண்டாம் வேண்டாம் என்பதைக் கன்னடத்தில் கத்தி வண்டியை ஓரங்கட்டினான். வடக்கிலிருந்து வந்து வாடகை வரிசை வீடுகளில் தங்கியிருக்கும் தொழிலாளிகள் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மொழியில் எழுதியும் புரியாதது ஒரு அரைப் பழத்தில் எல்லோருக்கும் புரிந்திருந்தது. எலும்பு முறிந்து கிடந்த மனுஷிக்குப் பிடிக்காத பிரேக்கை ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பிடிக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அடங்கியதும் யோசனை வந்தது.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவரும் தன் கேட்டில் நின்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, பாத்தீங்களா?”

“பாத்தேன். நீ இன்னா நெனைக்கறேன்னும் தெரியுது. தவக்காலம் கண்ணு, என்னை இதுல இழுக்காத” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பழம் நிறைய இருக்குதா உங்கிட்ட?” என்று கேட்டார்.

நான் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். எதையும் சோதிக்காமல் லைனுக்கு விடமாட்டேன். முதலில் அறுக்காத முழுப் பழத்தை வைத்துப் பார்த்தேன். பைக்கில் வந்த ஒருவர் நின்று, யார் பையிலிருந்தோ விழுந்தது என்று நினைத்து, எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ரிஜெக்ட். அறுத்து, குங்குமம் இல்லாமல் வைத்தேன். ஜூஸ் கடைக் குப்பை என்று மிதித்துப் போனார்கள். ரிஜெக்ட். அறுத்துக் குங்குமம் தடவி, வரமிளகாயும் வேப்பிலையும் சேர்த்து வைத்தேன். ஒரு பைக் பயத்தில் வழுக்கப் பார்த்தது. மனுஷனை விழவைப்பதா நம் நோக்கம்? அதுவும் ரிஜெக்ட். கடைசியில் பாதிப் பழம், அளவான குங்குமம், அதைச் சுற்றித் தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி பெரிய சிவப்பு வட்டம் என்று முடிவானது. முன்கூட்டியே தெரிவதால் யாரும் திடுக்கிடாமல் நிதானமாக வேகம் குறைத்தார்கள். பச்சைத் தட்டில் போட்டேன்.

விடியும் வேளையில் தெருவில் எல்லாப் பெண்களும் வாளியும் துடைப்பமுமாக ரோட்டில்தான் நிற்பார்கள். யார் குனிந்து எதை வைக்கிறார்கள் என்று எவர் பார்ப்பது? எதிர்க் கேட்டிலிருந்து அக்கா போனில் காவல் காப்பார். “டிப்பர் வருது, ஏந்திரு” என்பார். “இன்னும் கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கமா வை” என்பார். எங்கள் இரண்டு கேட்டுக்கும் நேர்கோட்டில், அக்கா நடக்க வேண்டிய இடத்தில்தான் வைப்போம். சாயங்கால ஷிப்டுக்குப் பழம் வாடிவிடும் என்பதால் மத்தியானம் தெரு அசந்திருக்கும்போது இன்னொன்று.

இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொண்ட முதல் ஆள் என் வீட்டுக்காரர். முதல் ஷிப்ட் முடிந்து வந்தவர், பைக்கை விட்டு இறங்கி, சாக்கடை ஓரமாகவே தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தது.

“யாரோ நம்ம தெருவுக்கு ஏதோ வேலை பண்றாங்கடி. நீ சாயங்காலத்துல வெளிய நிக்காத” என்றார்.

“நீங்கதான் சாமி பூதம் ஒண்ணும் கெடையாதுன்னு சொல்லுவீங்களே?”

“கெடையாதுதான். அதுக்குன்னு அதும்மேல ஏத்தணுமா?” என்றவர், சாப்பிட உட்கார்ந்ததும் எலுமிச்சைச் சாதம் கேட்டார். பழம் இல்லை என்றேன். “நேத்துதான பை நிறைய வாங்கிட்டு வந்தேன்?” என்றார். அழுகிவிட்டது என்றேன். தான் பேரம் பேசி வாங்கிய பழத்துக்கே பயந்து சாக்கடை ஓரம் நடந்து வருகிறார் என்பதை நினைத்து, சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

தெரு மெல்ல மாறியது. வேகம் குறைந்ததும் ஹாரன் குறைந்தது. ஹாரன் குறைந்ததும் வெளியே நின்று பேசுகிறவர்கள் கூடினார்கள். இஸ்திரி போடுகிறவர் பழையபடி வண்டியை எங்கள் காம்பவுண்டு நிழலில் கொண்டுவந்து போட்டார். மேப்புக்கும் விஷயம் தெரிந்துவிட்டதோ என்னவோ, வண்டிகளே குறைந்த மாதிரி இருந்தது. அக்கா கேட் கம்பியை விட்டார். ஒரு நாள் படியிறங்கினார். ஒரு நாள் தார் ஆரம்பிக்கும் இடம் வரை வந்து, செருப்பு நுனியால் தாரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீர் லாரி வரவில்லை. பங்குனி வெயிலில் எங்கள் போர்வெல்கள் வறண்டு, லாரித் தண்ணீரை நம்பித்தான் தெருவே இருந்தது. டிரைவர் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார். கெஞ்சியதற்கு, “பேடம்மா, எனக்குப் புள்ளக்குட்டி இருக்குது. கொடத்தை எடுத்துக்கிட்டு நீங்க வாங்க” என்றார். வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் குடத்தோடு தெருமுனைக்கு நடந்தார்கள். நானும் நடந்தேன். என் இடுப்பு வலித்தது, நியாயமாகத்தான் வலித்தது.

அன்று சாயங்காலமே காலி மனையில் தெருக்கூட்டம் போட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் எழுந்து, ஒவ்வொரு நாளும் பழம் புதிதாகவே இருக்கிறது, இது பெரிய மந்திரவாதி கை என்றார். அஞ்செட்டியைத் தாண்டி நாட்றாம்பாளையத்தில் ஒருவர் இருக்கிறார், வந்தால் செய்வினையை எடுத்துவிடுவார் என்றார் ஒருவர். நான் பக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கடப்பாரைக்காரர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

“எல்லாரும் ஒண்ணைக் கவனிச்சீங்களா? பழம் எப்பவும் கேக்குக்கார அம்மா வீட்டுக்கு நேராத்தான் இருக்குது. அந்தம்மாவுக்குத்தான் கையும் ஒடைஞ்சுது. யாரோ அந்தம்மாவுக்குத்தான் செய்வினை வெச்சிருக்கான்.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. கூட்டம் கலைவதற்குள் யாரோ ஒரு அக்கறைக்காரர் பெங்களூருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

இரவு அக்கா போன் பண்ணினார். குரலில் சிரிப்பு இல்லை.

“பையன் பேசினான். எனக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லம்மா, ஆனா நீ இனிமே ஒரு நாளும் அங்க இருக்க வேணாம்னுட்டான். ஈஸ்டர் கணக்கெல்லாம் போச்சு. நாளைக்குச் சாயங்காலம் வரானாம். துணியெல்லாம் எடுத்து வெக்கச் சொன்னான்.”

அவரை இந்தத் தெருவிலேயே இருக்கவைக்க நான் வைத்த பழம் அவரைத் தெருவை விட்டே துரத்துகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அக்கா, நான் நாளைக்குக் காலையில தெருவுல நின்னு எல்லாத்தையும் சொல்லிடறேன். நான்தான் வெச்சேன்னு சொல்லிடறேன். உங்க பையன்கிட்டயும் சொல்றேன்.”

“வாயை மூடு” என்றார் அக்கா. அவர் என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. “நீ சொன்னா பழத்துக்கு மரியாதை போயிடும். நாளன்னைக்கே பழையபடி பறப்பானுங்க. அப்புறம் அவன் என்னைக் கூட்டிட்டுப் போறது தப்பும் இல்ல. நீ எதுவும் பேசாத, எதுவும் வெக்காத. நாளைக்கு அவன் வர நேரத்துக்கு உன் கேட்டைத் தொறந்து வெச்சிக்கிட்டு நில்லு, போதும்.”

மறுநாள் நான் பழம் வைக்கவில்லை. பகலெல்லாம் ரோடு வெறுமையாகக் கிடந்தது. ஓட்டுகிறவர்கள் முதலில் நம்பாமல் மெதுவாக வந்தார்கள். மத்தியானத்துக்குமேல் தைரியம் வந்து, சாயங்காலம் ஷிப்ட் விட்டபோது பழைய திருவிழா திரும்பிவிட்டது. அக்காவின் மகன் காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தே வந்தான். நம்பிக்கை இல்லாதவன் என்பதால் காருக்கு ஆபத்து வரக்கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது. நான் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே அவன் ஒரு பெட்டியை எடுத்துவந்து வாசலில் வைத்தான். அக்கா பின்னாலேயே வந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் வெள்ளையில் நீலப்பூப் போட்ட சேலை. வலது கை முந்தானைக்குள் இருந்தது.

மகன் பெட்டியைப் பூட்டக் குனிந்த சமயம் பார்த்து அக்கா படியிறங்கி, தார் ஆரம்பிக்கும் இடத்தில் நின்று, முந்தானையை விலக்கினார். உள்ளங்கையில் அறுத்த எலுமிச்சம்பழம். பழமெல்லாம் செக்கச் சிவப்பு. அவர் வீட்டில் குங்குமம் ஏது? பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது, அது சிவப்புக் கேக்குக்குப் போடும் கலர்ப்பொடி. எலும்பு முறிந்து சேர்ந்த அந்தக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு அக்கா ரோட்டில் கால் வைத்தார்.

முதலில் பிரேக் பிடித்தது என் வீட்டுக்காரர். பைக் கிறீச்சிட்டு நின்றது. அவர் பின்னால் இன்னும் பைக்குகள், அதன் பின்னால் கம்பெனி வேன், அந்தப் பக்கம் ஒரு கர்நாடக லாரி. கிளீனர் தலையை வெளியே நீட்டி, “பேடா” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். ரோட்டில் கிடக்கும் பழத்தைச் சுற்றிப் போகலாம், நடந்து வரும் பழத்தை எப்படிச் சுற்றிப் போவது? அத்தனை வண்டியும் நின்றது. என் சர்வீஸில் நான் தேற்றி அனுப்பிய பிரேக்குகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வேலை செய்ததை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அக்கா அவசரப்படவே இல்லை. நடுரோட்டில் செருப்பு வார் கழன்றது என்று நின்று, காலை உதறி மாட்டிக்கொண்டார். வார் கழன்றிருக்கவே இல்லை என்று நினைக்கிறேன். என் கேட்டுக்குள் வந்ததும் பழத்தை வாசல் திண்டு மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அதற்குள் வண்டிகள் நகர ஆரம்பித்து, நின்ற நேரத்துக்கும் சேர்த்து வேகம் எடுத்துவிட்டன. அக்காவின் போன் அடித்தது. எதிர்க் கேட்டில் மகன், பூட்டிய பெட்டியோடு.

“அம்மா, நில்லு, அங்கயே நில்லு, நான் வரேன்.” ஒரு காலை ரோட்டில் வைத்தான். பைக் ஒன்று சீறியது. காலை இழுத்துக்கொண்டான். “ஒரு நிமிஷம், இந்த லாரி போகட்டும்.” லாரி போனது, வேன் வந்தது. “இந்த வேன் போகட்டும்மா.” வேனுக்குப் பின்னால் டிப்பர். அவன் முன்னால் வருவதும் பின்னால் போவதுமாக இருந்தான். இஸ்திரி போடுகிறவர் வேலையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, திண்டிலிருந்து பழத்தை எடுத்தார்.

“இரு கண்ணு, புள்ளையக் கூட்டிட்டு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி ரோட்டில் இறங்கினார். மறுபடி அத்தனை வண்டியும் நின்றது. போகும்போது வலது கையில் பழம் மட்டும் இருந்தது. திரும்பி வரும்போது வலது கையில் பழமும் இடது கையில் மகனுமாக வந்தார். தாடி வைத்த, ஆறடி உயர மகன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வலமும் இடமும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டே நடந்து வந்தான்.

டீ போட்டேன். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நான் தாண்டிட்டா வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்ன. டீ குடிக்க மட்டும் தொற” என்றார் அக்கா.

அவன் குடித்தான். டம்ளரை வைத்தான். அக்கா மறுபடி திண்டு மேல் வைத்திருந்த பழத்தைப் பார்த்தான்.

“ஆன்ட்டி,” என்றான் மெதுவாக, “எங்க ஆபீஸ் முன்னாடி ரோட்ட தாண்டி மத்தியானம் சாப்பிடப் போறதுக்குள்ள லஞ்ச் டைமே முடிஞ்சுடுது. போவும்போது எனக்கும் ஒரு பழம் அறுத்துக் குடுக்கறீங்களா?”